கணக்கைக் களத்திற்குக் கொண்டு செல்க

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் முக்கோணவியல் என்ற அத்தியாயம் ஒன்று உண்டு. கோபுரத்தின் உயரத்தையும், ஆற்றின் அகலத்தையும், கரைக்கும் கப்பலுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் ஆகியவற்றைக் கொண்டு காணும்படி அதில் வினா மேல் வினாவாகக் கேட்கப்படுகிறது. நமது மாணவர்கள் அவ்வினாக்களுக்குப் பெரும்பாலும் சரியான விடையே எழுதுகிறார்கள். ஆனால் அதே மாணவனைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு அழைத்து வந்து, எதிரே நிற்கும் குடிநீர்த் தொட்டியைக் காட்டி, "தம்பி, ஏணி வைக்காமல் இதன் உயரத்தைச் சொல், பார்க்கலாம்" என்று கேட்டால் அவன் திகைத்து நிற்கிறான். புத்தகத்தில் கோணம் கொடுக்கப்பட்டிருந்தது. இங்கே கொடுப்பார் இல்லை. புத்தகத்தில் தூரம் எழுதப்பட்டிருந்தது; இங்கே அதை அவனே அளக்க வேண்டும். சூத்திரம் அறிந்த பிள்ளைக்கு அதைப் பிரயோகிக்கும் வழி தெரியவில்லை. இது அந்தப் பிள்ளையின் குற்றமன்று. கணக்கை நான்கு சுவர்களுக்குள் பூட்டி வைத்திருக்கும் நமது கல்வி முறையின் குற்றமேயாகும்.

கணிதத்தின் ஒரு பகுதியையேனும் வெட்டவெளியில், கயிறும் கோலும் நிழலும் கொண்டு கற்பிக்க வேண்டுமென்பதும், இன்று ஏறக்குறைய ஒவ்வோர் ஆசிரியர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசி செயற்கைக்கோள்களிடமிருந்து பெறும் இடக்குறிப்பையும் அக்கல்விக்குத் துணையாகக் கொள்ள வேண்டுமென்பதும் நமது அபிப்பிராயம். இது வெறும் பள்ளிக்கூட விஷயம் என்று தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. நிலத்தை அளக்கத் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்பதைப் பொறுத்தே இந்நாட்டில் பல காலம் ஆட்சியும் அடிமைத்தனமும் அமைந்தன.

அளந்தவன் ஆண்டான்

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி, சென்னைக்கு அருகே பரங்கிமலையையும் பெரும்பாக்கம் குன்றையும் இணைக்கும் நேர்கோடு ஒன்றை வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கிட்டு, அந்த ஒரு கோட்டை அவர் அளந்தார். அதற்குப் பிறகு வேண்டியிருந்தவை பெரும்பாலும் கோணங்களே. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் தெரிந்துவிடும் என்பது பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடந்தானே? அந்தப் பாடத்தை முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய்க் கன்னியாகுமரி முதல் இமயம் வரையில் பாரத தேசம் அளக்கப்பட்டது. அரை டன் எடையுள்ள கோணமானியைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களும், கொடி பிடித்துக் குன்றேறியவர்களும், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களும் பெரும்பாலும் இந்நாட்டு மக்களே. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அக்கருவியை ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்த கதையும் உண்டு. இமயத்தின் பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் மிக உயர்ந்தது என்று 1852-ல் கணக்கிட்டுக் கண்டவர் வங்காளத்தின் ராதாநாத் சிக்தார். ஆனால் அச்சிகரத்திற்குச் சூட்டப்பட்ட பெயர் எவரெஸ்ட்.

அந்த மகத்தான வேலையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எதற்காக நடந்தது? கம்பெனியார் தமது படை செல்லும் வழியையும், வரி விதிக்கும் நிலத்தையும் அறிவதற்காகவே தேசத்தை அளந்தார்கள். அதற்கு உதவியாக ஆள் வேண்டுமென்றே 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. அதுவே பிற்காலத்தில் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று.

இதனால் நிலம் அளக்கும் வித்தை வெள்ளையருடன் கப்பலில் வந்து இறங்கியது என்று எவரும் எண்ண வேண்டாம். இராசராச சோழன் காலத்திலும் முதற் குலோத்துங்கன் காலத்திலும் நாடெங்கும் நிலம் அளக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். வேலி, மா, காணி, முந்திரி என்று நமது முன்னோர் வகுத்த அளவுகள் அத்தனையும் வயலின் வரப்பில் பிறந்தவை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்த சிறுவன் மாலையில் தகப்பனாருடன் களத்திற்குச் சென்று, மரக்காலும் படியும் புரளுவதைக் கண்ணால் கண்டான். அந்தப் படிப்பில் குறைகள் பல இருந்தன. எல்லாச் சாதியாருக்கும் அது கிடைக்கவில்லை. பெண்களுக்கு அநேகமாகக் கிடைக்கவே இல்லை. ஆயினும் கணக்குக்கும் களத்திற்கும் இருந்த உறவு அதில் அறவில்லை. அவ்வுறவு அறுந்தது, பரீட்சையே படிப்பு என்று ஆன பிறகுதான். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டபோது, கையால் செய்யும் தொழிலின் வழியாகவே கணக்கும் பிற பாடங்களும் வர வேண்டும் என்று வற்புறுத்தியது இந்த அறுந்த கயிற்றை முடிவதற்காகவே. சுதந்திரம் வந்து எண்பது ஆண்டுகளை நெருங்குகிறோம். கயிறு இன்னும் அறுந்தே கிடக்கிறது.

இரண்டு ஊர், இரண்டு நிழல்

களத்தில் கணக்குக் கற்பதென்றால் என்ன என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டுவோம்.

மார்ச்சு மாதம் 21-ம் தேதியை ஒட்டிப் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், சென்னையில் ஒரு பள்ளியும் கன்னியாகுமரியில் ஒரு பள்ளியும் ஒரு சோதனை செய்வதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் சமதரையில் செங்குத்தாக நாட்ட வேண்டும். செங்குத்து என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு காட்டிவிடும். உச்சிவேளையை ஒட்டி ஐந்து நிமிஷத்திற்கு ஒரு முறை நிழலின் நுனியில் அடையாளம் இட்டு, மிகக் குறுகிய நிழலை அளக்க வேண்டும். சென்னையில் அது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் இருக்கும்; கன்னியாகுமரியில் 14. டான்ஜெண்ட் அட்டவணையைப் புரட்டினால் சூரியன் தலைக்கு நேர் உச்சியிலிருந்து சென்னையில் சுமார் 13 பாகையும், கன்னியாகுமரியில் 8 பாகையும் சாய்ந்திருப்பது தெரியும். அவ்விரண்டுமே அவ்வூர்களின் அட்சரேகைகள். கைப்பேசியைத் திறந்து பார்த்தால் செயற்கைக்கோளும் அதையே சொல்லும். கோலும் நிழலும் சொன்னதை வானத்துக் கருவி உறுதிப்படுத்துவதைக் காணும் பிள்ளையின் மகிழ்ச்சியை எந்த மதிப்பெண் தர முடியும்?

காரியம் இத்துடன் முடியவில்லை. இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் 5 பாகை. வட்டம் முழுவதும் 360 பாகை. அதாவது ஐந்தின் 72 மடங்கு. ஆகையால் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரத்தை 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். அத்தூரம் எவ்வளவு? பஸ் போகும் வழி சுமார் 700 கிலோமீட்டர் என்று ஒரு மாணவன் சொல்லுவான். அதைப் பெருக்கினால் 50,000 கிலோமீட்டர் வருகிறது. உண்மையோ 40,000. தவறு எங்கே நேர்ந்தது? சாலை வளைந்து செல்லுகிறது. அத்துடன் கன்னியாகுமரி சென்னைக்கு நேர் தெற்கேயும் இல்லை, மேற்கே விலகியிருக்கிறது. படத்தில் தெற்கு வடக்காக மட்டும் அளந்தால் 553 கிலோமீட்டர். அதை 72-ஆல் பெருக்க 39,816 வருகிறது. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கை நமது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்து முடித்துவிட்டார்கள்! மேற்கே விலகிய தூரம் சுமார் 298 கிலோமீட்டர் என்பதையும் கண்டுகொண்டால், இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்து, பறவை பறக்கும் நேர்த்தூரம் சுமார் 628 கிலோமீட்டர் என்று பைத்தாகரஸ் தேற்றத்தினால் காணலாம்.

இன்னொரு விந்தையும் அதே சோதனையில் இருக்கிறது. மிகக் குறுகிய நிழல் சென்னையில் விழும் வேளையில் கன்னியாகுமரியில் விழாது. சுமார் 11 நிமிஷம் கழித்தே விழும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம் ஆகிறது. அவ்விரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகள் 2.7 பாகை வித்தியாசப்படுகின்றன. 2.7-ஐ 4-ஆல் பெருக்கிப் பாருங்கள். கடிகாரம் ஒன்றாயினும் உச்சிவேளை ஊருக்கு ஊர் வேறு என்பதையும், தேசம் முழுவதற்கும் ஒரே நேரம் என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடே என்பதையும் பிள்ளைகள் இதனால் உணர்வார்கள். ஒரு கோல், ஒரு அளவுநாடா, தொலைவிலுள்ள பள்ளியுடன் பேச ஒரு தொலைபேசி: இவற்றுக்கு மேல் செலவென்ன?

வானத்துக் கடிகாரங்கள்

செயற்கைக்கோள் வழி இடமறிவது ஏதோ மாயவித்தை என்று நினைப்பவர் பலர். அது பள்ளிக் கணக்கேயன்றி வேறன்று. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இன்னது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வறிவிப்பு ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வந்து சேர எடுத்த நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம். வேகம், நேரம், தூரம் என்று ரயில் வண்டியை வைத்து நாம் கற்பிக்கும் அதே கணக்குத்தான். கடிகாரம் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகிவிடும் என்பதையும் அதே பெருக்கல் காட்டும்.

தூரம் தெரிந்த பிறகு இடம் தெரிவது எப்படி? இதைப் பள்ளி மைதானத்திலேயே காட்டிவிடலாம். வாசற்கதவு, வேப்பமரம், கிணறு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு முளை அடித்து, ஓர் இடத்தில் ஒளித்து வைத்த பொருளுக்கு ஒவ்வொரு முளையிலிருந்தும் எத்தனை மீட்டர் என்று மட்டும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். ஒரு கயிற்றைச் சுற்றினால் ஒரு வட்டம். பொருள் அவ்வட்டத்தில் எங்கேனும் இருக்கலாம். இரண்டாவது வட்டம் முதல் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாவது வட்டம் அவ்விரண்டில் எது என்பதைத் தீர்த்துவிடும். இதே காரியத்தை வரைபடத் தாளில் சமன்பாடாக எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வர்க்கங்கள் ஒழிந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழக்கமான ஒருங்கமை நேரிய சமன்பாடுகள் எஞ்சும். வானத்தில் வட்டத்துக்குப் பதில் கோளம். கைப்பேசியின் கடிகாரம் அணுக் கடிகாரத்தைப் போல் துல்லியமானதன்று ஆகையால் அதன் பிசகையும் காண நான்காவது செயற்கைக்கோள் ஒன்று வேண்டும். தெரியாத எண்கள் நான்கு, ஆகவே சமன்பாடுகளும் நான்கு. அவ்வளவே.

இதில் தேசத்தின் சுயமரியாதை பற்றிய பாடமும் ஒன்று உண்டு. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் தேவைக்காகப் பிறந்தது. பிறர் அதனால் துல்லியமான இடம் அறியலாகாது என்று வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அந்நாட்டு அரசாங்கம் 2000-ம் ஆண்டு மே மாதத்தில்தான் நீக்கியது. கொடுத்தவர் கையில் இருப்பது எடுக்கவும் கூடியதே. ஆகையினாலேயே ரஷியா, ஐரோப்பா, சீனா ஆகியவை தத்தமக்கென்று செயற்கைக்கோள் வரிசைகளை அமைத்துக்கொண்டன. பாரத தேசமும் 2013 ஜூலை முதல் 2016 ஏப்ரல் வரையில் ஏழு செயற்கைக்கோள்களை வரிசையாக நிறுத்தி, நாவிக் என்று அதற்குப் பெயரிட்டது. ஆனால் அவற்றில் வைத்திருந்த கடிகாரங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்து நம்மை வருத்தின. 2023 மே 29-ல் ஏவப்பட்ட செயற்கைக்கோளில்தான் நமது நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் முதன்முதலாகச் சென்றது. 2025 ஜனவரியில் அதற்கடுத்ததை ஏவியபோது அது உரிய பாதையை எட்டவில்லை. வெற்றியும் தோல்வியும் கலந்த இவ்வரலாற்றை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாளை அக்கடிகாரத்தைச் செம்மைப்படுத்தப் போகிறவர்கள் இன்று அவ்வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கருவியும் பிழையும்

கைப்பேசியைக் காட்டினால் பிள்ளைகளின் மூளை சோம்பிவிடாதா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். நியாயமான ஆட்சேபந்தான். பொத்தானை அழுத்தி விடையைப் படிப்பது கணிதமாகாது. ஆகையால்தான் முறையை வற்புறுத்துகிறோம்: முதலில் கை, பிறகு கணக்கு, கடைசியில் கருவி. கருவியை நீதிபதியாகவன்றிச் சாட்சியாகவே அழைக்க வேண்டும். அச்சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யப் பழக்க வேண்டும்.

உதாரணம் ஒன்று கூறுவோம். கைப்பேசி ஒரு பாகையின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரையில், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களைக் காட்டுகிறது. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஆறாவது இலக்கம் குறிப்பது 11 சென்டிமீட்டர். ஆனால் திறந்த வெளியிலேயே சாதாரணக் கைப்பேசியின் பிழை சுமார் 5 மீட்டர். மரத்தடியிலும் மாடிகளின் நடுவிலும் இன்னும் அதிகம். ஆகவே அது காட்டும் கடைசி இலக்கங்கள் வெறும் ஜம்பம். ஒரே இடத்தில் கருவியை வைத்துப் பல முறை குறிப்பெடுத்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று தாளில் குறித்துப் பார்க்கும் மாணவன் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் இனி மறக்கமாட்டான். அச்சிட்ட எண்ணெல்லாம் உண்மை என்று நம்பும் மூட நம்பிக்கையும் அவனை விட்டு ஒழியும். புள்ளிவிவரங்களைக் கொண்டே ஜனங்களை மயக்கும் இக்காலத்தில் இது சிறிய லாபமா?

இன்னும் பாருங்கள். ஒரு சென்ட் நிலம் 435.6 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்திற்கு ஆறரை மீட்டருக்கும் குறைவு. கருவியின் பிழையே அந்தப் பக்கத்தின் நீளத்தை எட்டப் பார்க்கிறது. ஆகையால் வீட்டு மனையை அளக்கக் கைப்பேசி உதவாது. நாடாவும் நில அளவையரின் சங்கிலியுமே உதவும். 66 அடிச் சங்கிலியும், அதன் நூறு கண்ணிகளும், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்ற கணக்கும் இன்றும் கற்கத் தக்கவை. ஆனால் ஏரியின் கரையை நாடா கொண்டு சுற்றி வருவது எளிதன்று. அங்கே கருவி வெல்லும். கரையின் மூலைகளில் நின்று இடக்குறிப்பு எடுத்து, பாகைகளை மீட்டராக மாற்றி, ஒரு மூலையைத் தொடக்கமாகக் கொண்டு வரைபடத் தாளில் குறித்தால், ஆயத்தொலைகளைக் கொண்டு பரப்புக் காணும் பத்தாம் வகுப்புச் சூத்திரம் ஏரியின் பரப்பைத் தந்துவிடும். (0, 0), (300, 0), (100, 240) என்று மூன்று மூலைகள் உள்ள குளத்தின் பரப்பு 36,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 8.9 ஏக்கர். எல்லை முழுவதும் 5 மீட்டர் வெளியே தள்ளிக் குறிக்கப்பட்டால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் கூடிவிடும் என்பதையும் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லட்டும். எங்கே எந்தக் கருவி பொய்க்கும் என்று அறிவதும் கணக்கில் ஒரு பாகமே.

ஏரியை அளக்கும் பிள்ளைகள்

ஏரியை உதாரணமாக எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். நமது ஊர்களில் ஏரிகளும் குளங்களும் வாய்க்கால்களும் எப்படிச் சுருங்கின என்பதை அன்பர்கள் அறிவார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமே, பழைய காலத்துப் பரப்பில் ஒரு சிறு பங்குதான் எஞ்சி நிற்கிறது. ஒரு வருஷத்தில் விழுங்கியிருந்தால் ஊரே எழுந்து கேட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு முழமாக விழுங்கியதால் எவர் கண்ணிலும் படவில்லை. புலப்படம் தாலுகா அலுவலகத்தில் இருந்தது; அதைப் படித்து, களத்தோடு ஒப்பிடத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை. "அளவு இன்னது" என்று அதிகாரி சொன்னால் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்த நிலையைப் பள்ளிக்கூடங்கள் மாற்ற முடியும். ஒவ்வோர் ஊர்ப் பள்ளியும் ஊர் அளவைக் குறிப்பேடு என்று ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏரியின் நீர்ப்பரப்பையும், கிணற்றின் நீர்மட்டத்தையும், பொது இடத்து மரங்களின் உயரத்தையும், பங்குனி மாதத்து உச்சி நிழலையும் அளந்து அதில் எழுதட்டும். அளந்தவர் பெயர், நாள், கருவி, பிழையின் அளவு ஆகிய நான்கும் இல்லாமல் எந்த எண்ணும் ஏறலாகாது. பத்து ஆண்டுகள் சென்றால் அக்குறிப்பேடு ஊரின் சரித்திரமாகிவிடும். ஐந்து மீட்டர் பிழையுள்ள கைப்பேசிக் கணக்கு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது என்பது உண்மையே. ஆனால் "சர்க்கார் அளவையர் வந்து மறுபடி அளக்க வேண்டும்" என்று காரணத்தோடு கேட்பதற்கு அது போதும். காரணத்தோடு கேட்கத் தெரிந்த பிரஜைகள் இருக்கும் ஊரில் ஏரியைத் திருடுவது எளிதன்று.

ஆட்சேபங்களுக்குச் சமாதானம்

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லையே என்று ஆசிரியர்கள் கூறுவார்கள். அவர்களுடைய கஷ்டத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் மேலே சொன்னவை யாவும் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளவையா? முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல், அளவியல், புள்ளியியல், சமன்பாடுகள் ஆகிய அனைத்தும் உள்ளேயே இருக்கின்றன. பலகையில் பத்து முறை போட்ட கணக்கை எட்டு முறை பலகையிலும் இரண்டு முறை மைதானத்திலும் போடும்படியே கேட்கிறோம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, விளிம்பில் ஒரு குழலை ஒட்டினால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி ஆயிற்று. தொட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று பார்க்க 35 பாகை வந்தால், கண்ணின் மட்டத்திற்கு மேல் உயரம் 14 மீட்டர். கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் பதினைந்தரை. கோணம் ஒரு பாகை தவறினால் உயரம் அரை மீட்டர் தவறும். இதற்கு ஆய்வுக்கூடக் கட்டடமா வேண்டும்? செயற்கைக்கோள் குறிப்பைப் பெறுவதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை. வானம் தெரிந்தால் போதும். மாணவர் கைக்குக் கைப்பேசி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆசிரியரிடம் உள்ள ஒன்றே வகுப்பு முழுவதற்கும் போதுமானது.

ஐம்பது பிள்ளைகளை வெளியே விட்டால் கட்டுக்கடங்குவார்களா என்பது இன்னோர் ஐயம். ஐவர் ஐவராகப் பிரித்து, கோல் பிடிப்பவர், நாடா இழுப்பவர், கோணம் பார்ப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று வேலையை வகுத்து, முறை மாற்றிக் கொடுத்தால் கூச்சல் தானே அடங்கும். இதில் ஓர் எச்சரிக்கை. வெளியே ஓடும் வேலை பையன்களுக்கு, உட்கார்ந்து எழுதும் வேலை பெண்களுக்கு என்ற பிரிவினை நுழையக் கூடாது. கோல் பிடிக்கும் உரிமையும் கணக்கிடும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றே.

எல்லாவற்றிலும் பெரிய தடை பரீட்சையே. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, கணிதத்திற்கு இல்லை. மதிப்பெண் இல்லாத வேலையைப் பெற்றோரும் மதியார், தலைமையாசிரியரும் மதியார். ஆகையால் கணிதத்திலும் ஒரு பகுதி மதிப்பெண்ணைக் களப்பணிக்கு ஒதுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் ஒவ்வொருவரும் ஒரு வயலையும் ஒரு குளத்தையும் தம் கையால் அளந்து காட்டிய பிறகே பட்டம் பெற வேண்டும். இவை சர்க்கார் செய்ய வேண்டியவை.

ஆனால் சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் இருக்கிறார்கள். கிராம சபையில் ஊரார் அனைவருக்கும் பேச உரிமை இருக்கிறது. ஊர் அளவைக் குறிப்பேட்டை ஆண்டுக்கொரு முறை கிராம சபையில் மாணவர்களைக் கொண்டே படிக்கச் செய்யும்படி தீர்மானம் கொண்டு வரலாம். ஊரிலுள்ள கொத்தனாரையும், ஓய்வுபெற்ற நில அளவையரையும், கடலில் திசையறிந்து படகு செலுத்தும் மீனவப் பெரியவரையும் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் அறிந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லலாம். 3, 4, 5 என்ற மூன்று அளவுகளைக் கொண்டு மூலைமட்டம் பார்க்கும் கொத்தனார் பைத்தாகரஸின் பெயரை அறியாமல் இருக்கலாம். அவருடைய தேற்றத்தை நாள்தோறும் மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறார். அவரை ஆசிரியராக ஏற்கும் பள்ளியில் உழைப்புக்கும் படிப்புக்கும் நடுவே எழுப்பிய சுவரும் இடியும்.

பரங்கிமலையில் அன்று அந்நியர் நமது நிலத்தை அளந்தபோது நம்மவர் சங்கிலியைச் சுமந்தார்கள். இன்று சங்கிலியும் நம்முடையது, கணக்கும் நம்முடையது, வானத்தில் ஒரு பங்கு கடிகாரமும் நம்முடையது. அளக்க வேண்டிய நிலமோ பள்ளிக்கூட வாசலிலேயே கிடக்கிறது. வருகிற மார்ச்சு மாதத்திலேயே இரண்டு ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து ஒரு நிழலை அளந்து தொடங்கட்டும். அதற்கு வேண்டிய கோலை அன்பர்கள் இப்பொழுதே தேடி வைக்கட்டும்.